‘டொமைன் ஃப்ரீ’ பேக்கேஜ்: வேலூர் லாட்ஜுக்கு வெப்சைட் போட்ட கதையும் என் மார்க்கும்

வேலூரில் லாட்ஜோ ஸ்கேன் சென்டரோ ஸ்வீட் ஸ்டாலோ, எதை நடத்தினாலும் ஒருநாள் ஒரு பையன் வந்து விசிட்டிங் கார்டு நீட்டுவான். “சார், வெப்சைட் பண்ணித் தர்றோம், ஹோஸ்டிங், அஞ்சு மெயில் ஐடி, டொமைன் ஃப்ரீ.” அந்தப் பேக்கேஜுக்குத்தான் இந்த ரிவியூ. டொமைன் என்றால் டாட் காம், டாட் இன் என்று முடிகிற வெப்சைட் முகவரி, ஹோஸ்டிங் என்றால் வெப்சைட்டை வைத்திருக்கிற இடம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், பாபுராவ் தெருவை ஒட்டி எங்கள் பெரியப்பா நடத்துகிற லாட்ஜுக்காக எடுத்தது, ஆன்லைன் வேலைகளை இப்போது பார்த்துக்கொள்வது நான். கம்பெனி பேரைப் போடவில்லை, கேட்காதீர்கள். பேசித் தீர்த்துக்கொண்டாயிற்று, அதுவும் போக இப்படி விற்பது அவர்கள் ஒருவர் மட்டும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிசைன் நன்றாகவே செய்தார்கள். போட்டோ எடுக்க வந்த பையன் ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையை விலக்கி, ஸ்டூல் போட்டு மூலையில் ஏறி நின்று எடுத்தான், எங்கள் சின்ன ரூம்கூட கொஞ்சம் தாராளமாகத் தெரிகிறது. கிச்சன் ரூமுக்குத் தனிப் பக்கம், அதில் கேஸ் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எவ்வளவு என்ற விவரம், மாத வாடகைக்குத் தனி ரேட். பெங்காலியில் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டதும் முகம் சுளிக்காமல், அப்போது தங்கியிருந்த ஒரு பேஷண்டின் அண்ணனை ரிசப்ஷனில் உட்கார வைத்து வரி வரியாகச் சரிபார்த்துப் போட்டார்கள். கவுஹாத்தியிலும் ஹவுராவிலும் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிறவர்கள் இப்போதெல்லாம் அங்கேயே போனில் பார்த்து ரூம் பேசிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் கூட்டி வரும் காலம் பாதி போய்விட்டது. சிஎம்சியின் ராணிப்பேட்டை கேம்பஸ் 2022-ல் வந்த பிறகு சில டிபார்ட்மென்ட் பேஷண்டுகள் அந்தப் பக்கம் போய்விட்டதால், இருக்கிறவர்களைப் பிடிக்க வெப்சைட் இன்னும் தேவையாகிவிட்டது. அந்த வகையில் கொடுத்த காசுக்கு வேலை நடந்தது, குறை சொல்ல மாட்டேன்.

குறை எல்லாம் அந்த ‘ஃப்ரீ’யில்தான்.

பில்லை எடுத்துப் பார்த்தால் டிசைனுக்கு ஒரு தொகை, ஹோஸ்டிங்குக்கு ஒரு தொகை, மூன்றாவது வரியில் டொமைன், அதற்கு நேரே பூஜ்யம். அவ்வளவுதான். யார் பேரில் பதிவு, எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து கொடுக்கிற கம்பெனி), எந்த மெயில் ஐடி கொடுத்து என்று ஒன்றும் இல்லை. பெரியப்பா தலைமுறைக்கு இது தோன்றாததில் ஆச்சரியம் இல்லை, போர்டில் லாட்ஜ் பேர், லைசென்ஸில் லாட்ஜ் பேர், டொமைனிலும் லாட்ஜ் பேர், அப்புறம் அது வேறு யாருடையதாக இருக்க முடியும்?

இருக்க முடியும். டொமைனை யாரும் நிலம் மாதிரி கிரயம் வாங்குவதில்லை, வருடக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம், ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடம். டாட் காம் முழுக்க வெரிசைன் என்ற அமெரிக்க கம்பெனி நடத்துகிறது, டாட் இன் நம் நாட்டு நிக்சி அமைப்பின் வசம். பொதுமக்களுக்கு விற்பது ரிஜிஸ்ட்ரார்கள், அவர்களுக்குக் கீழே, அவர்களிடம் வாங்கி மறுபடி விற்கிற ரீசெல்லர்கள். நம் ஊரில் வெப்சைட் போடுகிறவர்களில் பலர் ரீசெல்லர் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள். ஒரே லாகினில் ஐம்பது அறுபது கடைகளின் பேரை வரிசையாக வைத்திருப்பார்கள். பதிவில் ‘ரிஜிஸ்ட்ரன்ட்’ என்று ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ரிஜிஸ்ட்ராரோடு ஒப்பந்தம் போட்டவர். போர்டு, லைசென்ஸ், நாற்பது வருட நல்ல பேர் எதையும் அந்தப் பதிவு பார்க்காது.

உலக அளவில் டொமைன் பேர்களுக்கு விதி போடுகிற ஐகேன் அமைப்பின் தேடும் பக்கத்தில் டொமைனைப் போட்டுப் பார்த்தால் ரிஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதி வரை காலம், வேறு இடத்துக்கு நகர்த்த முடியாதபடி லாக் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் வரும். 2018-க்குப் பிறகு ஆட்கள் பேர், போன் நம்பர் எல்லாம் பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டுகிறார்கள், ஆனால் நிறுவனம் என்ற வரி சில சமயம் திறந்தே இருக்கும். எங்களுக்குத் திறந்திருந்தது. அதில் இருந்தது டிசைன் கம்பெனியின் பேர்.

இதை நான் தோண்டக் காரணம் ரினியூவல். வருடாந்திர மெயின்டனன்ஸ் என்று ஒரு பில் வந்தது, அதில் டொமைன், ஹோஸ்டிங், ‘எஸ்இஓ சப்போர்ட்’ (கூகுள் தேடலில் மேலே வர வைக்கிற வேலை) எல்லாம் கலந்து, டொமைனை மட்டும் தனியாகப் புதுப்பித்தால் ஆகக்கூடியதைப் போலப் பல மடங்கு தொகை. டாட் காமுக்கு வெரிசைன் ரிஜிஸ்ட்ராரிடம் வாங்குகிற ஹோல்சேல் விலை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது, அதன் மேல் ரிஜிஸ்ட்ரார் லாபமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தாலும் தலை சுற்றுகிற தொகை வராது. மெயின்டனன்ஸ் வேண்டாம், டொமைனும் மெயிலும் மட்டும் போதும் என்றோம். பேக்கேஜைப் பிரிக்க முடியாது என்றார்கள். இந்தப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தபோதே டொமைன் தேதி முடிந்துவிட்டது. வெப்சைட் இருந்த இடத்தில் விளம்பரப் பக்கம் வந்தது, மெயில் அனுப்பியவர்களுக்கெல்லாம் திரும்பிப் போனது.

பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“தம்பி, பேரு எங்களுதுதானே?”

“உங்க பேருதான் சார், ஆனா எங்க அக்கவுண்ட்ல இருக்கு.”

மிரட்டலாகவெல்லாம் சொல்லவில்லை அந்தப் பையன், உள்ளதைச் சொன்னான். இந்த ஒரு வாக்கியத்தில் பேக்கேஜின் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது.

வெப்சைட் போனால் போகட்டும், கூகுள் மேப்பில் போன் நம்பர் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, ரூம் நிரம்பிவிடும். மெயில்தான் விஷயம். பங்களாதேஷிலிருந்து மெடிக்கல் விசாவில் வருகிறவர்கள் தங்கும் விவரத்தை லாட்ஜ்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிந்தாக வேண்டும், அதற்கு பாஸ்போர்ட், விசா காப்பி வேண்டும், பலர் கிளம்பும் முன்பே ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிவிடுகிறார்கள். அப்பாயின்ட்மென்ட் ஸ்லிப்பும் கூடவே வரும். ஒரு டொமைன் கைமாறினால் புதிதாக வாங்கியவர் அந்தப் பேரில் எந்த மெயில் பெட்டியை வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம், இனிமேல் வருகிற மெயில் எல்லாம் அவருக்குத்தான் போகும். பழைய கஸ்டமர் நம்மிடம் அனுப்புவதாக நினைத்து பாஸ்போர்ட்டை யாரோ ஒருவருக்கு அனுப்புவார். அந்த ஆள் லாட்ஜ் பேரிலேயே பதில் போட்டு “ரூம் ரெடி, அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க” என்றால் அவர்கள் பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். அதற்கு மேல், அந்த மெயில் ஐடியை வைத்து எங்கெல்லாம் லாகின் திறந்திருக்கிறோமோ, ஹோட்டல் புக்கிங் தளம், கரண்ட் பில், பேங்க் அலர்ட், அத்தனைக்கும் பாஸ்வேர்டு மாற்றுகிற லிங்க் அங்கேதான் போய் விழும். ‘வெப்சைட்தானே’ என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

தேதி முடிந்த உடனே பேர் பறிபோய்விடாது. டாட் காமில் முதலில் ஒரு சலுகைக் காலம், ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை போகும், பெரும்பாலும் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதில் மீட்க அபராதம் மாதிரி தனிக் கட்டணம், அது வலிக்கிற அளவுக்கு இருக்கும். அப்புறம் 5 நாள் நீக்கக் காத்திருப்பு, அது முடிந்த நிமிடம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுப்பதற்கென்றே மெஷின் வைத்துக் காத்திருக்கிற கம்பெனிகள் உண்டு. லாட்ஜ் பேரில் நாளைக்கு ரம்மி விளம்பரம் ஓடினால் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. தேதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்து 5 நாளுக்குள்ளும் ரிஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று ஐகேன் விதி இருக்கிறது, அனுப்பியும் இருப்பார்கள். பதிவில் இருந்தது டிசைன் கம்பெனி மெயில், அதனால் அங்கே போயிருக்கும். இது சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்துவிட்டு ஹாட்மெயில் லாகின் தடுமாறியபோது, மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். நமக்கு அப்படி ஒரு புண்ணியவான் வருவார் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, எப்படித் தீர்ந்தது? முதலில் ரிஜிஸ்ட்ராருக்கு நேரடியாக எழுதினோம், லைசென்ஸ் காப்பி, ஜிஎஸ்டி சான்றிதழ், டிசைனுக்குப் பணம் கட்டிய பில் எல்லாம் வைத்து. மரியாதையாகப் பதில் வந்தது: பதிவில் உள்ளவர் சொன்னால்தான் செய்வோம். தப்பு சொல்ல முடியாது, யாரோ ஒருவர் லெட்டர்பேடு அனுப்பினால் பேரை மாற்றிக் கொடுத்துவிடுகிற ரிஜிஸ்ட்ராரிடம் நான் என் டொமைனை வைக்க மாட்டேன். ஆகவே மறுபடியும் டிசைன் கம்பெனி. எங்கள் ஆடிட்டர் நடுவில் உட்கார்ந்து, நடந்த மாதங்களுக்கான ஹோஸ்டிங் பாக்கியை மட்டும் கட்டிவிடுவது, அவர்கள் டொமைனைப் புதுப்பித்து லாட்ஜ் பேருக்கு மாற்றிக் கொடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். சலுகைக் காலத்துக்குள்ளேயே இருந்ததால் அபராதம் இல்லாமல் தப்பியது. பேர் மாற்றத்துக்கு இரண்டு பக்கமும் மெயிலில் சம்மதம் கொடுக்க வேண்டும், கொடுத்தோம். அதன் பிறகு 60 நாள் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு நகர்த்த முடியாதபடி லாக் விழுந்தது. திருட்டைத் தடுக்க வைத்த விதி, அந்த 60 நாளும் பெரியப்பா தினமும் காலையில் வெப்சைட் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். லாக் விலகியதும் ஆத் கோடு (டொமைனை நகர்த்தத் தேவையான ரகசியக் கோடு) வாங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம்.

இதே சண்டை, பதிவில் ரிஜிஸ்ட்ரன்ட் இடத்தில் லாட்ஜ் பேர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். ஆத் கோடு கேட்டால் ரிஜிஸ்ட்ரார் 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கோடைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் விதியில் இருக்கிறது. உங்கள் ரிஜிஸ்ட்ரார் யார் என்று நீங்கள் கேட்டால் ரீசெல்லர் சொல்லியே ஆக வேண்டும். பாதுகாப்பு எல்லாம் உண்டு, ஆனால் அத்தனையும் பதிவில் பேர் இருக்கிறவருக்கு. பேக்கேஜ்காரர் ஃப்ரீயாகக் கொடுத்தபோது எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் வீரமாகச் சொன்னார். போகலாம். டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த வழக்கே நம் சென்னை சத்யம் இன்ஃபோவே ‘சிஃபி’ என்ற பேருக்காகப் போட்டதுதான். டாட் காமுக்கு யுடிஆர்பி என்று கோர்ட்டுக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி. ஆனால் யுடிஆர்பியை உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் தொடுக்க ஒரு நடுவருக்கே 1,500 டாலர் கட்டணம், அதில் ஜெயிக்க உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்கிறது என்பதையும் எதிராளி கெட்ட எண்ணத்தோடு பதிந்தார் என்பதையும் காட்ட வேண்டும். நீங்களே கூப்பிட்டு வேலை கொடுத்த டிசைனர், நீங்கள் சொல்லித்தான் பதிந்தார் என்றால் கெட்ட எண்ணத்தை எங்கே காட்டுவது? இன்னொன்று, எங்கள் ஏரியாவில் பாதி லாட்ஜ் பேர்கள் ஊர்ப் பேரும் சாமிப் பேரும் சேர்ந்தவை. ‘வேலூர்’, ‘லாட்ஜ்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இது எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று யாரும் நிற்க முடியாது. தனித்துவமான பேர் வைத்திருக்கிறவர்கள் டிரேட்மார்க் பதிந்துவிடுவது நல்லது, கிண்டியில் ஆபீஸ், ஆனால் ஆன்லைனிலேயே போடலாம், தனி ஆளுக்கும் சின்ன நிறுவனத்துக்கும் ஒரு கிளாஸுக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய். பொதுப் பேர் வைத்தவர்களுக்கு டொமைன் பதிவு ஒன்றுதான் ஆதாரம்.

மாற்றிய பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக் கொடுத்தவர் சத்துவாச்சாரியில் தனியாக வேலை செய்கிற ஒரு அண்ணன். இவர் சேவைக்கும் ரிவியூ போட வேண்டும். இவர் எதையும் தன் லேப்டாப்பில் செய்வதில்லை. “உங்க போனை எடுங்க, நீங்களே டைப் பண்ணுங்க, பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்” என்று சொல்லி நிஜமாகவே திரும்பி உட்கார்ந்தார். பெரியப்பாவுக்கு அதிலேயே ஆளைப் பிடித்துவிட்டது. டொமைன் அக்கவுண்டுக்கு லாட்ஜ் மெயில் ஐடியைக் கொடுக்கவே கூடாது என்று கறாராகச் சொன்னார், ஏனென்றால் டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், மீட்கிற ஓடிபி வர வழி இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில். ஓடிபி ரிசப்ஷன் தம்பி போனுக்கு வரக் கூடாது, வேலையை விட்டுப் போகிறவன் நம்பரைக் கூடவே கொண்டுபோவான். இரட்டைப் பூட்டுக்கான (பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கிற லாகின்) பேக்கப் கோடுகளை ஜெராக்ஸ் போட்டு லாட்ஜ் லைசென்ஸ் ஃபைலில் வைக்கச் சொன்னார். டிசைனருக்கு வேலை செய்ய லாகின் வேண்டுமென்றால் பெரும்பாலான ரிஜிஸ்ட்ரார்களில் தனி அனுமதி கொடுக்கிற வசதி இருக்கிறது, அதைக் கொடுங்கள், வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள் என்றார். ஆட்டோ ரினியூவலை நம்பாதீர்கள் என்றதுதான் எனக்குப் புதுசு: 2021 அக்டோபரில் கார்டு ஆட்டோ டெபிட்டுக்கு ரிசர்வ் பேங்க் புது விதி கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார்களின் தானியங்கிப் பிடித்தம் பல கார்டுகளில் சத்தமில்லாமல் ஃபெயிலாகிவிடுமாம். அதனால் ஐந்து வருடத்துக்கு மொத்தமாக யுபிஐயில் கட்டிவிட்டோம். டாட் இன்னையும் சேர்த்து வாங்கிவிட்டோம், டாட் நெட், டாட் ஆன்லைன் எல்லாம் வேண்டாம், வாங்கிக்கொண்டே போனால் முடிவே இல்லை என்றார்.

குறை என்றால், சொன்ன நேரத்துக்கு வர மாட்டார், பில் கேட்டால் இரண்டு தடவை நினைவூட்ட வேண்டும். வாங்கியது ஒரு நாள் ரூம் வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைக்கிற யூனிட் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் சொன்னபோது அவர் தன் பதிவை அப்போதே தேடிப் பார்த்தார், அவருடையது ஒழுங்காக அவர் பேரில்தான் இருந்தது. அவருக்கு வேறு தொல்லை. “உங்கள் கம்பெனி பேரை ஒருவர் சீனாவில் பதியப் பார்க்கிறார், உடனே நீங்கள் வாங்காவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவோம்” என்று அவசரமாக மெயில் வந்துகொண்டே இருக்கிறதாம். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும், பழைய ஏமாற்று, குப்பையில் போடலாம். ரினியூவல் நோட்டீஸ் மாதிரியே வந்து, சின்ன எழுத்தில் ‘இது பில் அல்ல’ என்று எழுதியிருப்பதும் அதே ரகம். புதுப்பிக்க வேண்டுமென்றால் மெயிலில் வந்த லிங்க்கைத் தொடாமல் உங்கள் ரிஜிஸ்ட்ரார் தளத்தைத் தனியாகத் திறந்து போங்கள்.

மார்க் போட வேண்டும் என்றால்: பேக்கேஜின் டிசைனுக்கு 5-க்கு 4, போட்டோவுக்கு முழு மார்க், சப்போர்ட் போன் எடுப்பதில் 3, டொமைனுக்கு 1, அதுவும் கடைசியில் தகராறு பண்ணாமல் மாற்றிக் கொடுத்தார்களே என்பதற்காக. சத்துவாச்சாரி அண்ணனுக்கு நாலரை, அரை மார்க் அந்த பில்லுக்காகப் பிடித்திருக்கிறேன்.

இதே பேக்கேஜை எடுக்கலாமா என்று காகிதப்பட்டறையில் புதிதாக லாட்ஜ் கட்டுகிற ஒருவர் கேட்டார். எடுங்கள் என்றுதான் சொன்னேன், டிசைனுக்கு அவர்களைவிட நல்ல ஆள் இந்த விலைக்கு எனக்குத் தெரியாது. டொமைனை முதல் நாளே உங்கள் போனில், உங்கள் ஜிமெயிலில் நீங்களே வாங்கிவிட்டு, பில்லில் அந்த மூன்றாவது வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அவர் கேட்டாராம், அந்தப் பையன் “அதனால என்ன சார், அடிச்சுடலாம்” என்று உடனே அடித்துக் கொடுத்துவிட்டானாம்.